நாற்றம் போன கால்வாய்

சிங்கப்பூரில் புக்கித் தீமா சாலையோடு கூடவே இறங்கி வரும் கால்வாய், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையைத் தாண்டியதும் தேக்காவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, ரோச்சோர் கால்வாய் என்ற பெயரோடு சுங்கை ரோடு பக்கம் திரும்பிக் காலாங் படுகையில் போய்ச் சேர்கிறது. தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கவும் கோயிலுக்கும் வருகிறவர்களில் பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. 2015இல் பொதுப் பயனீட்டுக் கழகம் சுமார் 1.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அதைச் செப்பனிட்டு, செடி நட்டு, நடைபாதை போட்டு முடித்தது. நாற்றம் இல்லை, குப்பை மிதப்பதில்லை, மாலையில் பக்கத்துக் கட்டடங்களின் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழுகிறது.

அந்தத் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போவதில்லை, குடிநீருக்கான தேக்கத்துக்குப் போகிறது. இந்த விவரம் இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கே புதிதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். 2008 அக்டோபர் 31ஆம் தேதி மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலம், 9 எஃகுக் கதவுகள். கனமழையின்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் கதவு திறக்கும், உயர்ந்திருந்தால் 7 ராட்சத பம்புகள் தண்ணீரை வெளியே இறைக்கும். மற்ற நாள்களில் கதவு மூடியே இருக்கும். 2010 நவம்பர் வாக்கில் உப்பு நீங்கி, நாட்டின் 15ஆவது நீர்த்தேக்கமாக மரீனா மாறியது. அதற்கு நீர் தரும் பரப்பு 10,000 ஹெக்டேர், அதாவது தீவில் ஆறில் ஒரு பங்கு. அங் மோ கியோவிலும் பாய லேபாரிலும் சிராங்கூன் சாலையிலும் ஆர்ச்சர்ட் ரோட்டிலும் பெய்யும் மழை எல்லாம் அங்கேதான் போகிறது. தீவு முழுவதையும் எடுத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு நிலம் இப்படி 17 நீர்த்தேக்கங்களுக்கு நீர் பிடித்துத் தருகிறது.

மலையடிவாரத்துக் காட்டில் அணை கட்டி, வேலி போட்டு, மனித நடமாட்டத்தைத் தடுத்துக் குடிநீர் சேமிப்பது உலக வழக்கம். ஒரு பெருநகரத்தின் தார்ச்சாலை, கூரை, கார் நிறுத்துமிடம், கடைவீட்டுப் பின்சந்து ஆகியவற்றின் மீது விழும் மழையைச் சேர்த்துக் குடிப்பது வேறு விஷயம். இடம் இல்லாத நாட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை, திட்டமும் துணிச்சலானது. ஆனால் அதன் விளைவாகத் தேக்காவின் சாக்கடைக்கும் தேக்கா அடுக்குமாடியின் குழாய்க்கும் இடையே ஒரு நேர்வழி ஏற்பட்டுவிட்டது. நடுவில் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது என்பது உண்மை. அந்த ஆலைக்கு என்ன வந்து சேர்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த வட்டாரம் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. பஃபலோ ரோடு, கந்தாங் கெர்பாவ், பெலிலியோஸ் ரோடு என்ற பெயர்கள் அதன் மிச்சம். மாடுகள் போன பிறகும் கால்வாய் கறுத்தே ஓடியது. 1977 பிப்ரவரி 27ஆம் தேதி, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்தார்: சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன, தெருவோரக் கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்குள் போனார்கள், படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறின. சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1987இல் ஆறு சுத்தமாகிவிட்டது என்று விழா எடுத்தார்கள்.

சுத்தம் என்றால் அன்று எதை வைத்துச் சொன்னார்கள்? நாற்றம், நிறம், மிதக்கும் குப்பை, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், மீன் உயிரோடு இருக்கிறதா என்பது. மனித மலமும் பன்றிச் சாணமும் எண்ணெயும் கலந்த ஆற்றுக்கு அவை சரியான அளவுகோல்கள். மூக்கும் கண்ணும் நல்ல பரிசோதகர்களாக இருந்த காலம் அது. இன்றைய ரோச்சோர் கால்வாயில் அந்த இருவருக்கும் வேலை இல்லை.

2011இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், கெமோஸ்ஃபியர் என்ற அறிவியல் இதழில் மரீனா நீர்ப்பிடிப்புப் பகுதி பற்றி இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒன்று, மருந்து எச்சங்களையும் ஹார்மோனைக் குழப்பும் சேர்மங்களையும் தேடியது. பிஸ்ஃபினால்-ஏ, காஃபின் போன்றவை நகரத்து நீரோடைகளில் அகப்பட்டன. மற்றொன்று, ஒட்டாத வாணலி, மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை, கறை பிடிக்காத சோபாத் துணி ஆகியவற்றில் பயன்பட்டுவந்த ஃபுளோரின் சேர்மங்களைத் தேடியது. இன்று உலகம் முழுக்க பிஃபாஸ் என்று பேசப்படும் குடும்பம் அது. 19 சேர்மங்களைத் தேடினார்கள், 13 கிடைத்தன. அவற்றில் பிஎஃப்ஓஏ லிட்டருக்கு 5 முதல் 31 நானோகிராம் வரை, பிஎஃப்ஓஎஸ் 1 முதல் 156 நானோகிராம் வரை இருந்தது.

நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் இருபதை நிரப்பி அதில் ஒரே ஒரு சொட்டு விட்டால் கிடைப்பதுதான் லிட்டருக்கு 1 நானோகிராம். இவ்வளவு சிறியதற்கு ஏன் இத்தனை அமளி என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் அந்த எண்ணில் இல்லை, அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இன்னொரு எண்ணில் இருக்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் பிஎஃப்ஓஎஸ் எவ்வளவு இருக்கலாம் என்று 2009இல் ஒரு தற்காலிக ஆலோசனை அளவைச் சொன்னது: லிட்டருக்கு 200 நானோகிராம். 2016இல் அதை 70 ஆகக் குறைத்தது, அதுவும் பிஎஃப்ஓஏவையும் சேர்த்துக் கூட்டி 70. 2024 ஏப்ரலில் சட்டப்படி கட்டாயமான வரம்பே வந்தது. அது 4. இப்போது ரோச்சோர் கால்வாயும் சேர்ந்த அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் உச்ச அளவான 156ஐ இந்தப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். ஆய்வு வெளியான ஆண்டில் அது வரம்புக்குள் அடங்கிய எண். அதே தண்ணீரின் குப்பி ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து 2024இல் எடுத்துப் பார்த்தால் வரம்பைப்போல 39 மடங்கு. தண்ணீரில் ஒரு மூலக்கூறுகூடக் கூடவில்லை.

ஒப்பீட்டில் ஒரு நேர்மை வேண்டும். 156 என்பது திறந்த கால்வாய், ஓடை நீர். 4 என்பது குழாயில் வரும் குடிநீருக்கானது. இரண்டுக்கும் நடுவில் சுத்திகரிப்பு இருக்கிறது, நீர்த்தேக்கத்தின் கலப்பும் இருக்கிறது. அளந்ததும் பல ஆண்டுகளுக்கு முன்பு. அதனால் குழாய்த் தண்ணீரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும் நமக்கு வரும் நிம்மதியைக் கண்டு. வரம்பு என்பது அந்த ஆண்டின் அறிவு, அவ்வளவுதான்.

அதே பிஃபாஸ் ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு, எனக்கு அது எண்களைவிட முக்கியமாகப் படுகிறது. மழையின் தொடக்கத்தில் வரும் நீரில் பெரும்பாலான சேர்மங்கள் அதிகமாக இருந்தன, மழை ஓயும்போது சட்டென்று இறங்கிவிட்டன. பல நாள் வெயிலில் சாலையிலும் கூரையிலும் படிந்ததை முதல் வெள்ளம் அப்படியே வழித்துக்கொண்டு வருகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும் சிங்கப்பூர் மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால்வாயின் அடியில் கணுக்கால் அளவு ஓடிய தெளிந்த நீர் சிறிது நேரத்தில் பழுப்பாகி மேலேறும், மழை விட்டதும் அதே வேகத்தில் வடிந்துவிடும். அந்த முதல் வெள்ளத்தைப் பிடிக்காமல், அடுத்த நாள் காலை வெயிலில் நிதானமாகப் போய் ஒரு குப்பி மொண்டு வந்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னால், சொன்னவர் பொய் சொல்லவில்லை. திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்திருக்கிறார்.

மொள்வதே எளிதான வேலை இல்லை. மருந்து எச்சத்துக்கு வெளிச்சம் புகாத பழுப்புக் கண்ணாடிக் குப்பி வேண்டும், பிஃபாஸுக்குக் கண்ணாடி ஆகாது. அது கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலிபுரோப்பிலீன் குப்பி, டெஃப்லான் படாத மூடி. நீர் எடுப்பவர் அன்று காலை கொசு விரட்டி பூசக்கூடாது, வெயில் களிம்பு பூசக்கூடாது, காஃபின் அளக்கப் போகிறார் என்றால் கையில் காப்பிக் குவளை கூடாது. பிஃபாஸ் என்றால் நீர் ஒட்டாத மழைக்கோட்டும் கூடாது. டெங்கிக்குப் பயந்து கொசு விரட்டி பூசாமல் கால்வாய்ப் பக்கம் யாரும் போகாத ஊரில் இந்த நிபந்தனை சற்று வேடிக்கைதான். ஆனால் கொசு விரட்டியின் ரசாயனமும் தேடப்படும் பட்டியலில் இருக்கிறது. விரல் நுனியில் ஒட்டியிருப்பது கால்வாயில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சுத்தமான நீர் நிரப்பிய ஒரு வெற்றுக் குப்பியையும் கூடவே எடுத்துப்போய், அங்கே திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்தே சோதிப்பார்கள். அதில் ஏதாவது தென்பட்டால் குற்றவாளி ஆறு இல்லை, ஆள்.

பிறகு குப்பிகள் பனிக்கட்டியில் ஆய்வகம் போகும். நீரை வடிகட்டி, பிசின் அடைத்த சிறு குழல் வழியே மெதுவாகச் செலுத்துவார்கள். ஒரு லிட்டரில் இருந்தது எல்லாம் அந்தக் குழலில் தங்கும். மெத்தனால் ஊற்றி அதைக் கழற்றி, நைட்ரஜன் ஊதி வற்றவைத்தால் மிஞ்சுவது 1 மில்லிலிட்டர். ஆயிரம் மடங்கு செறிவு. அதில் துளியை எடுத்து நிறைமானியில் விட்டால், ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் எடையாலும் அது உடையும் விதத்தாலும் கருவி அடையாளம் காட்டும். வியக்கத்தக்க கருவி. ஆனால் வழக்கமான சோதனையில் அது பட்டியலில் உள்ளதை மட்டும் தேடும். பட்டியலில் பேர் இல்லாதது கண்முன்னே போனாலும் கண்டுகொள்ளாது.

இது ஏதோ கற்பனைக் குறை இல்லை. ஹைதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்று இருந்தது. ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள் என்று வழக்கமானதை எல்லாம் அளந்துகொண்டிருந்தார்கள். 2007இல் ஸ்வீடனின் யோக்கிம் லார்சன் குழு, சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் மருந்தையே நேராகத் தேடியது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நானோகிராம் இல்லை, மில்லிகிராம். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். எந்தக் கருவியும் பழுதாகவில்லை, யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்ட பிறகும் என்ன ஆயிற்று? 2020 ஜனவரியில் இந்திய அரசு நுண்ணுயிர்க்கொல்லி எச்சத்துக்கு வரம்பு வைத்து வரைவு வெளியிட்டது. 2021இல் இறுதி ஆணை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை.

சியாட்டலில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது தொழிற்சாலைக் கதை இல்லை, சாலைக் கதை. மழை பெய்தால் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தார்கள். பூச்சிக்கொல்லியா, உலோகமா என்று பட்டியலில் இருந்ததை எல்லாம் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் சயன்ஸ் இதழில் விடை வந்தது: டயரில் விரிசல் விழாமல் இருக்க அதில் சேர்க்கும் ஒரு பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது, டயர்த் தேய்மானத் தூளோடு ஓடைக்குப் போகிறது. உலகத்தில் யாருடைய பட்டியலிலும் அதற்கு முன்பு அந்தப் பெயர் கிடையாது. நம் ஊரில் கோஹோ சால்மன் இல்லை. கிட்டத்தட்ட பத்து லட்சம் வாகனங்கள் இருக்கின்றன, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் இருக்கிறது.

சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் வெள்ளை அன்னம் போன்ற மிதவைகளைப் பார்த்திருப்பீர்கள். தேசியப் பல்கலைக்கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய இயந்திர அன்னங்கள் அவை, மரீனாவிலும் ஒன்று நீந்தியது. அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், கலங்கல், பாசியின் பச்சையம் ஆகியவற்றை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும். நல்ல முயற்சி, பாசி பெருகுவதை முன்கூட்டியே சொல்லும். ஆனால் மாத்திரை எச்சத்தையோ டயர் ரசாயனத்தையோ அதனால் அறிய முடியாது. திரையில் ஓடும் பச்சை நிற வரைபடத்தைப் பார்த்து ஆறு நலம் என்று முடிவுகட்டிவிடும் பழக்கம் மட்டும் நமக்கு வந்துவிடக் கூடாது.

நீர்நாய்களுக்கும் இதே கதைதான். காலாங்கிலும் மரீனாவிலும் குடும்பம் குடும்பமாக நீர்நாய்கள் திரும்பி வந்திருக்கின்றன. அவற்றைப் படம் எடுக்கக் கூட்டம் கூடுகிறது, ஆறு சுத்தமானதற்குச் சான்று என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மீன் இருக்கிறது என்பதற்கு அவை சான்றுதான், மறுக்கவில்லை. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார், இறந்து கிடந்த 50 நீர்நாய்களின் ஈரலை பிஃபாஸுக்காகச் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாவற்றிலும் இருந்தது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் விலங்கு, தான் தின்ற அத்தனை மீனின் கணக்கையும் ஈரலில் எழுதி வைக்கிறது. அதனால் நீர்நாயைச் சான்றாக அழைப்பவர்கள் அதன் சாட்சியத்தை முழுமையாகக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு புதிர். சிங்கப்பூரில் கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு ஒரு குழாய், மழைத் தண்ணீருக்கு வேறு வடிகால். இரண்டும் கலக்காதபடிதான் ஊரே கட்டப்பட்டிருக்கிறது. பிறகு மனித உடலைக் கடந்து வரும் ரசாயனம் மழைக்கால்வாயில் எப்படி வந்தது? பழைய குழாய்களில் விரிசல் இருக்கும், அது ஒரு வழி; அதற்காகவே 1990களிலிருந்து பழைய கழிவுநீர்க் குழாய்களைச் சீரமைத்து வருகிறார்கள். எந்த விரிசல் எங்கே என்று கண்டுபிடிப்பதற்கும் ரசாயனத்தையே துப்பறிவாளராகப் பயன்படுத்தலாம். சர்க்கரை இல்லாத பானங்களில் சேர்க்கும் அசெசல்ஃபேம் என்ற இனிப்பூட்டி உடலில் செரிக்காமல் அப்படியே வெளியேறும். சாக்கரின், சைக்லமேட் ஆகியவையும் பெரும்பாலும் அப்படித்தான். தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இனிப்பூட்டிகளைக் கழிவுநீர்க் கசிவின் அடையாளமாகக் கொள்ள முடியுமா என்று சிங்கப்பூர் நீரிலேயே ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். கால்வாயிலோ நிலத்தடியிலோ அவை கிடைத்தால் மேலே எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று ஊகிக்கலாம். காஃபினையும் இப்படிச் சான்றாக எடுப்பதுண்டு, ஆனால் தேக்காவில் அதை முழுமையாக நம்ப முடியாது. காப்பிக்கடையின் மீந்த கோப்பித்தூளும் தே தாரிக்கும் பின்சந்து வடிகாலில் ஊற்றப்பட்டிருந்தால் காஃபின் அங்கிருந்தே வரும். கார்பமசெப்பின் என்ற மருந்தோ அப்படியில்லை. வலிப்பு மருந்தை யாரும் குவளையில் ஊற்றிக் கொட்டுவதில்லை, அது ஆற்றில் கிடைத்தால் பெரும்பாலும் மனித உடல் வழியாகத்தான் வந்திருக்கும்.

நம் சமூகத்துக்கு மிக அறிமுகமான மருந்து மெட்ஃபார்மின். சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடையே சீனர்களைவிட அதிகம் என்பது தெரிந்ததே. எத்தனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வெள்ளை மாத்திரை அட்டை கிடக்கிறது! மெட்ஃபார்மினை உடல் உடைப்பதில்லை, விழுங்கியது மாறாமல் அப்படியே வெளியேறிவிடும். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் தலைமையில் 104 நாடுகளில் 258 ஆறுகளின் 1,052 இடங்களில் நீர் எடுத்துச் சோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்த மூன்று பொருள்கள் கார்பமசெப்பின், மெட்ஃபார்மின், காஃபின். நான்கில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் ஏதாவது ஒரு மருந்தாவது நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பான அளவைத் தாண்டியிருந்தது. லாகூர், லா பாஸ், அடிஸ் அபாபா ஆகிய ஊர்களின் ஆறுகள் பட்டியலின் மோசமான முனையில் இருந்தன.

இதனால் மனிதருக்கு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதை ஆராய்ந்து, குடிநீரில் காணப்படும் மருந்துச் சுவடுகளின் அளவில் உடல்நலத்துக்குக் கேடு வர வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றது. நான் அதை ஏற்கிறேன். சிங்கப்பூர்க் குழாயில் வரும் நீருக்கு அதைவிடக் கூடுதல் காப்பும் இருக்கிறது: 2020 முதல் இயங்கும் மரீனா ஈஸ்ட் ஆலை கடல்நீரையும் நீர்த்தேக்க நீரையும் மாற்றி மாற்றி எடுத்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிக்கக்கூடியது. ஆனால் மீனுக்கு அந்தச் சவ்வு கிடையாது. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சிறு ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜெனை வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் பெண் தன்மை கொண்டன, அந்த ஏரியின் சிறு மீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. மருந்து கலப்பதை நிறுத்திய பிறகு மீன்கள் மெல்ல மீண்டன என்பதையும் சொல்ல வேண்டும். சவ்வு பிடித்துவைக்கும் ரசாயனமும் மாயமாவதில்லை. கழிவுச் செறிநீராக வேறு பக்கம் போகிறது. வடிக்கும் செலவும் நம் தண்ணீர்க் கட்டணத்தில்தான் ஏறும்.

அணைக்கட்டு இந்தக் கணக்கில் ஒன்றை மாற்றிவிட்டது. 2008க்கு முன் ரோச்சோரில் கடல் ஏறி இறங்கியது, கால்வாயில் சேர்ந்ததைக் கடல் கொண்டுபோயிற்று. கடலுக்குக் கொடுத்துவிட்டு மறப்பது நல்ல வழி இல்லைதான், ஆனால் அது வழியாக இருந்தது. இப்போது ஏற்ற இறக்கம் இல்லை. பெருமழைக்குக் கதவு திறக்கும்வரை வந்தது உள்ளேயே சுற்றும். எளிதில் சிதையும் காஃபினை வெயிலும் நுண்ணுயிரும் தின்றுவிடும். சிதையாத பிஃபாஸ் தங்கும்.

சென்னையில் கூவம் பாலத்தின் மேல் பேருந்து நிற்கும்போது யாருக்கும் நிறைமானி தேவைப்படுவதில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்று விவசாயியின் வயலே சொன்னது, 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல அது போதுமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு கோபத்தை வரவைக்கும், கோபம் வழக்காகும். ஆனால் அங்கும் அடுத்த கட்டம் வந்துவிட்டது: காவிரி நெடுகச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் நீர் எடுத்து, வலி மருந்து முதல் பிளாஸ்டிக் சேர்மங்கள்வரை கண்டு 2021இல் அறிவித்தார்கள். டெல்டாவில் அந்தத் தண்ணீரைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, நெல் பச்சையாகத்தான் நிற்கும். சிங்கப்பூர் அந்த இரண்டாம் கட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. கோபம் வர எந்தக் காரணமும் கண்ணுக்குத் தெரியாத ஊரில் எச்சரிக்கை சோதனையிலிருந்து மட்டுமே வரும்.

ஆகவே அந்தச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதில் பொதுமக்களுக்குப் பேச்சு இருக்க வேண்டும். முதல் வெள்ளத்தைப் பிடிக்கத் தானே நீர் எடுக்கும் கருவிகள் கால்வாய்களில் நிரந்தரமாக இருக்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே தேடும் முறை வேண்டும். 1986 நவம்பரில் பாசெல் அருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்து ரைன் ஆறு சிவந்த பிறகு, அங்கே வைல் ஆம் ரைன் என்ற இடத்தில் நாடுகள் சேர்ந்து கண்காணிப்பு நிலையம் அமைத்தன. 2012 முதல் அங்கே தினமும், பெயர் தெரியாத மூலக்கூறுகளையும் சேர்த்தே வலைபோட்டுப் பார்க்கிறார்கள். ரோச்சோர் ரைன் இல்லை, ஆனால் குடிநீராகும் கால்வாய். எடுத்த குப்பிகளில் ஒரு பங்கை உறைநிலையில் சேமித்து வைப்பதும் அவசியம். நாளைய வரம்பு மாறும்போது இன்றைய நீரைத் திரும்பச் சோதிக்க வேறு வழி கிடையாது. குழாய்நீரின் தர அறிக்கையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆண்டுதோறும் எண்களோடு வெளியிடுகிறது, பாராட்ட வேண்டிய பழக்கம். அதே பழக்கம் மேலே உள்ள கால்வாய்களுக்கும், கால்வாய் வாரியாக, மழை நாள், வெயில் நாள் என்று பிரித்து வரவேண்டும். தேக்காவில் கடை வைத்திருப்பவருக்குத் தன் கடைக்குப் பின்னால் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. தெரிந்தால் சட்டியைக் கழுவும் இடத்தையும் அவர் மாற்றக்கூடும்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. மீந்த மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் இழுக்காதீர்கள். பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள். இந்த ஊரின் குப்பை எரியூட்டப்படுகிறது, மருந்தும் அதோடு போகும். பெயின்ட் கழுவிய நீர், பூச்சி மருந்து, எண்ணெய், தரை கழுவும் திரவம் ஆகியவற்றைப் பின்சந்தின் வடிகாலிலோ ஐந்தடிப் பாதை ஓரத்துச் சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். கழிவறையில் ஊற்றியதற்காவது வழியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தெருவோர வடிகாலுக்கும் மரீனா நீர்த்தேக்கத்துக்கும் நடுவில் குப்பையை மறிக்கும் தடுப்புகள் உண்டு, ரசாயனத்தை மறிக்கும் ஆலை ஒன்றும் கிடையாது.